இறந்தார் பட்ட கடன்



நம் தமிழ்மொழியிற் 'கடன்' என்னும் ஒரு சொல் இருபொருள் தாங்கி நிற்கின்றது. ஒருவன் செய்தே தீரவேண்டிய முறைமையும் கடன் எனப்படும். பிறர்பாற் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன் எனப்படும். ஒரு வீட்டிற் பெரியவர் காலமாகிவிட்டால் இவ்விரு கடன்களும் சேர்ந்தே அவ்வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றன. இறுதிக்கடன் கழிப்பதற்கு மைந்தர் நீர்த்துறையில் நிற்கும்போதே, பொருட்கடன் கேட்பதற்கு ஒருவர் திண்ணையில் வந்து அமர்ந்துவிடுகின்றார்.

பதினாறாம் நாட் கருமாதி முடிந்து, உறவினர் இன்னும் ஊர் திரும்பாத வேளை. வந்தவர் ஒரு காகிதத்தை நீட்டி, "உங்கள் வீட்டுக்காரர் வாங்கிய தொகை இது; பழைய நோட்டு நாட்பட்டுப் போகிறது; புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டால் நான் தொந்தரவு செய்யமாட்டேன்" என்கின்றார். துக்கத்தில் மூழ்கியிருக்கும் அம்மையார், கணவர் பேருக்குப் பழி வரலாகாதென்று, படித்தும் பாராமற் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டுவிடுகின்றார். அதுவரையில் இறந்தவரது ஆஸ்தியை மட்டும் பற்றிநின்ற கடன், அவ்வொரு ரேகையால் அவரையே பற்றிக்கொள்ளுகின்றது. மற்றொரு வீட்டிலோ, நேர்மையாகக் கொடுத்த பணத்தைக் கேட்டுவந்தவரை, "வாங்கியவரிடமே போய்க் கேளும்" என்று வாரிசுகள் துரத்திவிட்டு, நிலத்தையும் நகையையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளுகின்றனர். முன்னதிற் குடும்பத்துக்குக் கேடு. பின்னதிற் கொடுத்தவருக்குக் கேடு. இரண்டுக்கும் வேர் அறியாமையே.

நம்மவருட் கடன் கொடுத்தோரும் உளர்; கடன் பட்டோரும் உளர்; ஒரே குடும்பம் இவ்விரு நிலையிலும் நிற்பதும் உண்டு. ஆதலின், இறந்தார் பட்ட கடனை யார் கொடுப்பது, எதிலிருந்து கொடுப்பது, எம்முறையாற் கேட்பது என்னும் இவற்றின் வரலாற்றை இங்கே சுருக்கி எழுதத் துணிந்தேன். சட்டங் கற்ற அறிஞர் பிழை பொறுப்பாராக.

பண்டை நூல்களின் தீர்ப்பு

மனுவின் தருமநூல் வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பகுத்து, அவற்றுள் முதலாவதாகக் கடன் வசூலையே வைத்திருக்கின்றது. கடனைத் தீர்க்காது மாண்டவன் மறுபிறவியிற் கொடுத்தவன் வீட்டில் அடிமையாகவோ விலங்காகவோ பிறந்து உழைத்துத் தீர்ப்பான் என்று அக்காலத்தார் நம்பினர். ஆகவே, தந்தையை அக்கதியினின்று மீட்பது மகனது அறமாயிற்று. பிண்டமிடுவது எங்ஙனம் மகன் தலையில் விழுந்ததோ, அங்ஙனமே கடனிறுப்பதும் அவன் தலையில் விழுந்தது.

எனினும், அந்நூலாசிரியர் அப்பாரத்தை அளவின்றி ஏற்றிவிடவில்லை. தந்தை பட்ட கடனை மகன் தன் கடனேபோலக் கருதி முதலும் வட்டியும் இறுக்க வேண்டும். பேரன் முதலை மட்டும் இறுத்தாற் போதும். கொள்ளுப்பேரன் இறுக்கவேண்டியதில்லை என்பது பிருகஸ்பதி முதலியோர் வகுத்த படிமுறை. தலைமுறை விலக விலகப் பாரமுங் குறைவதைக் காண்க. மகன் சிறுவனாயின், அவன் உரிய வயது அடையும்வரை கடன்கொடுத்தவர் பொறுத்திருக்க வேண்டும். தந்தை இறந்தாலன்றித் துறவு பூண்டாலும், இருபது ஆண்டு அயல்நாட்டிலிருந்து திரும்பாதொழிந்தாலும் இவ்விதியே பொருந்தும்.

அன்றியும், எல்லாக் கடனும் கடனாகா. கள்ளுக்கும் காமத்துக்கும் சூதுக்கும் பட்ட கடன், செலுத்தாது விட்ட அபராதம், தீர்வைப் பாக்கி, வீணாக வாக்களித்த கொடை ஆகிய இவற்றை மகன் தரவேண்டுவதில்லை என்று யாக்ஞவல்கியர் விலக்கினார். தந்தையின் தேவைக்கு மகன் பொறுப்பாவான். தந்தையின் தீயொழுக்கத்துக்குப் பொறுப்பாகான் என்பது இதன் கருத்து.

இன்னொரு விதி நம் பெண்மக்கள் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. மனைவியானவள் தான் ஒப்புக்கொண்ட கடனையும், கணவனோடு கூடி வாங்கிய கடனையும், தானே வாங்கிய கடனையும் அன்றி வேறெக்கடனையும் கொடுக்கவேண்டுவதில்லை என்று அதே யாக்ஞவல்கியர் கூறினார். மேலே சொன்ன திண்ணைக் காட்சியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஆஸ்தி கைக்கு வராத கைம்பெண்ணை விதிகள் காத்துநிற்கின்றன. அவர் 'ஒப்புக்கொள்ளும்' அந்த நிமிடத்திலேதான் அக்காப்பு நீங்கிவிடுகின்றது. கடன்கேட்க வருபவர் பழைய நோட்டை விட்டுப் புதிய நோட்டை நாடுவது எதன்பொருட்டு என்பது இப்போது விளங்கும்.

பிள்ளையில்லாதவன் கடனை யார் தருவது? அவன் ஆஸ்தியை எவன் எடுக்கின்றானோ அவன் தருவது என்றனர். கௌடிலியரது அர்த்தசாஸ்திரமும் மகன்மாரையும், ஆஸ்தியை அடையும் தாயாதிகளையும், உடன்பட்டு வாங்கியோரையும், பிணைநின்றோரையும் இப்பொறுப்பிற்கு உரியராக்குகின்றது. ஆகவே, பண்டை நூல்களில் இரு கொள்கைகள் ஒருங்கே ஓடின. ஒன்று, கடன் குருதியைத் தொடரும் என்பது. மற்றொன்று, கடன் ஆஸ்தியைத் தொடரும் என்பது. பின்வந்த நூற்றாண்டுகளின் வரலாறெல்லாம் முதற்கொள்கை மெல்ல மெல்லத் தேய்ந்து, இரண்டாவது வளர்ந்த வரலாறே யாகும்.

இஃது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பழைய ரோமாபுரிச் சட்டத்தில் வாரிசானவன் இறந்தவனது ஆளுருவையே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட்டான். ஆஸ்தி நூறும் கடன் ஆயிரமும் ஆயின், எஞ்சிய தொள்ளாயிரத்தைத் தன் சொந்தப் பொருளிலிருந்து கொடுத்தான். இதற்கஞ்சிப் பலர் வாரிசுரிமையையே வேண்டாமென்று ஒதுங்கினர். ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 531-ஆம் ஆண்டில் ஒரு கட்டளை பிறப்பித்து, இறந்தவரது பொருள்களுக்கு உரிய காலத்தில் முறையான ஜாபிதா எழுதிவைக்கும் வாரிசு அந்த ஜாபிதாவிற் கண்ட அளவுக்கே கடனுக்குப் பொறுப்பாவான் என்று விதித்தார். ஒரு ஜாபிதா ஒரு குடும்பத்தைக் காக்கும் என்பதை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்னரே அந்நாட்டார் அறிந்திருந்தனர்.

மகன் தலையினின்று இறங்கிய பாரம்

நிற்க. ஆங்கில ஆட்சியில் நம் தருமநூல்கள் கோர்ட்டுகளிற் புகுந்தபோது, மகனது அறக்கடமை சட்டக்கடமையாக மாறியது. பம்பாய் மாகாணத்துக் கோர்ட்டார், தந்தை காசும் வைக்காது போயினும் மகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கடனிறுக்க வேண்டும் என்னும் கடுமையான கொள்கையை மேற்கொண்டனர். இதன் கொடுமையை உணர்ந்து, 1866-ஆம் ஆண்டில் அம்மாகாணச் சட்டசபை 'இந்து வாரிசுகள் நிவாரணச் சட்டம்' என்பதை இயற்றி, வாரிசின் கைக்கு வந்த ஆஸ்தியளவே அவனது பொறுப்பு என்று வரையறுத்தது. பிற மாகாணங்களிற் கோர்ட்டார் தாமே இவ்வெல்லையை மேற்கொண்டனர். மகனுடைய ஆளும் அவனது சுயார்ஜிதமும் விடுவிக்கப்பட்டன. பிதுரார்ஜித சொத்தில் அவனுக்குள்ள பங்கு மட்டும் தந்தையின் கடனுக்குக் கட்டுப்பட்டது.

அந்தப் பிதுரார்ஜித சொத்தின்மீது கடன்காரர் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை நாட்டியது நம் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த ஒரு வழக்கு. சிவகிரி ஜமீன்தாருக்கு முத்தையன் செட்டியார் என்பவர் கடன் கொடுத்திருந்தார். ஜமீன்தார் இறந்தபின் ஜமீன் அவர் மகனுக்கு வந்தது. கடன்காரர் ஜமீனைத் தொடர்ந்தார். மகனோ, 'இது முன்னோர்வழி வந்த ஜமீன். என் உரிமையால் எனக்கு வந்தது. தந்தையின் தனிக்கடனுக்கு இஃது உட்படாது' என்று வாதித்தார். சென்னை ஹைகோர்ட்டில் அவர் பக்கமே வென்றது. செட்டியார், அந்நாளில் நம் நாட்டு வழக்குகளுக்கு முடிவிடமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். 1882-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சிலார் முன்தீர்ப்பை மாற்றி, தீயநெறியிற் பட்டதல்லாத தந்தையின் கடனுக்கு மகன் கைக்கு வந்த அந்த ஜமீன் ஆஸ்தி பொறுப்பாகும் என்று தீர்த்தனர்.

இத்தீர்ப்பினாற் கடன் கொடுத்தோர் பலம் பெற்றனர். கடன் கள்ளுக்கும் சூதுக்கும் பட்டதென்று நாட்டும் பாரமும் மகன்மேலேயே நின்றது. தந்தை உயிரோடிருக்கும்போதே மகனது பங்கைத் தொடரலாம் என்பதை 1924-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று உறுதிசெய்தது. பேரனுக்கு வட்டியில்லை, கொள்ளுப்பேரனுக்குக் கடனேயில்லை என்றிருந்த பழைய படிமுறையும் அழிந்து, சொத்து கைவந்த அளவில் மூவரும் ஒரேவகைப் பொறுப்பினர் என 1926-ல் முடிவாயிற்று.

ஆனால், தந்தையல்லாத பங்காளி இறந்தால் நிலைமை நேர்மாறாக இருந்தது. அவிபக்த குடும்பத்தில் அண்ணனோ தம்பியோ பிள்ளையின்றி இறந்தால், அவர் பங்கு எஞ்சியிருக்கும் பங்காளிகளுக்கே சேர்ந்துவிடும். அவருடைய தனிக்கடனுக்கு அப்பங்கைத் தொடமுடியாது. அவர் உயிரோடிருக்கும்போதே அதனை ஜப்தி செய்திருந்தாலன்றிக் கடன் கொடுத்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதே. பிரிவி கவுன்சிலார் 1879-ல் இதனைத் தெளிவாக்கினர். ஒரே வீட்டில் தந்தையின் கடன் மாண்டபின்னும் உயிர்வாழ, சிற்றப்பனின் கடன் அவரோடு மாண்டது. நேர்மையாக ஈந்தவர்க்கு இஃது எத்துணை அநீதி!

இவ்விரு முரணையும் நம் நாட்டுப் பாராளுமன்றமே பின்னர்த் தீர்த்துவைத்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005-ல் ஒரு திருத்தம் வந்தது. பெண்மக்களுக்குப் பிறப்பால் பங்குரிமை தந்தது என்றே அத்திருத்தத்தை நாம் பெரிதும் அறிவோம். அதனுள்ளேயே, கடனைப்பற்றிய இரு மாறுதல்கள் அடங்கியுள்ளன. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதிக்குப்பின் பட்ட கடனுக்காக, 'தந்தை கடனைத் தீர்ப்பது மகனது அறம்' என்னும் ஒரே காரணத்தைக் கொண்டு மகனையோ பேரனையோ கொள்ளுப்பேரனையோ எந்தக் கோர்ட்டிலும் தொடரலாகாது என்பது ஒன்று. அந்நாளுக்கு முன் பட்ட கடன்கள் மட்டும் பழைய விதிப்படியே நிற்கும். பங்காளி இறந்தால் அவர் பங்கு எஞ்சியோருக்குத் தானே சேர்ந்துவிடாமல், அவருடைய வாரிசுகளுக்கு ஆஸ்தியாக இறங்கும் என்பது மற்றொன்று. அவர் பங்கு தனி ஆஸ்தியாக நிற்றலின், அவர்க்குக் கடன் கொடுத்தவரும் அதனைத் தொடர வழி பிறந்தது. குருதியைத் தொடர்ந்த கடன் இவ்வாறு முற்றும் ஆஸ்தியைத் தொடரும் கடனாயிற்று.

கேட்பதெல்லாம் கடனாமோ?

இதுகாறும் யார் கொடுப்பது என்பதைக் கண்டோம். இனி, கேட்பது மெய்யோ என்பதை ஆராய்வோம். கடன்பட்டவர் உயிரோடிருந்தால், 'வாங்கினேன்', 'வாங்கவில்லை', 'பாதியைத் திருப்பிவிட்டேன்' என்று தாமே சொல்லுவார். அவர் வாய் மூடியபின் ஒருபக்கத்துச் சொல்லே எஞ்சுகின்றது. அப்போது கடன் எவ்வளவு பெருத்துவிடும் என்பதற்கு நம் சென்னைப் பட்டினத்தின் வரலாற்றிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு.

ஆர்க்காட்டு நவாபு வாலாஜா முகம்மது அலி சேப்பாக்கத்து அரண்மனையில் வாழ்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே மிகுந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். அதற்கு ஈடாகத் தம் சீமைகளின் வரி வருமானத்தையே எழுதிக்கொடுத்தார். கடனைத் தீர்க்கக் கடன், வட்டியைத் தீர்க்கக் கடன் என்று அது வளர்ந்தது. எட்மண்டு பர்க்கு என்னும் பேரறிஞர் 1785 பிப்ரவரியில் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் இக்கடன்களின் ஊழலை எடுத்துரைத்து ஆற்றிய பேருரை இன்றும் போற்றப்படுகின்றது. நவாபு 1795-ல் இறந்தார். அவர் மகன் உம்தத்துல் உமராவும் 1801-ல் இறந்தார். அவ்வாண்டிலேயே கம்பெனியார் கர்நாடகச் சீமையின் ஆட்சியைத் தம் கையிற் கொண்டனர்.

கடன் கொடுத்தோர் சும்மா இருப்பரோ? இறந்த நவாபுகளின் கடனைச் சீமையை எடுத்துக்கொண்ட கம்பெனியே தரவேண்டும் என்று எழுந்தனர். ஆஸ்தியை எடுத்தவன் கடனைத் தரவேண்டும் என்னும் நம் பழைய விதியே அங்கும் பேசியது என்க. 1805-ல் கம்பெனிக்கும் கடன்காரர்க்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, விசாரணைக் கமிஷன் ஒன்று நிறுவப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் பத்திரத்தைக் காட்டி, பணம் மெய்யாகவே கொடுக்கப்பட்டதை நாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வந்து குவிந்த கோரிக்கைகளின் மொத்தம் 3 கோடி பவுனுக்கும் மேற்பட்டது. 1830 வரையில், இருபத்தைந்து ஆண்டு ஆராய்ந்து, கமிஷனார் மெய்யென்று ஏற்றது ஏறக்குறைய 27 லட்சம் பவுன் மட்டுமே. நூறு பவுன் கேட்ட இடத்தில் மெய்யாக நின்றது ஒன்பது பவுனுக்குங் குறைவு!

நவாபு வீட்டில் நடந்தது நம் வீட்டில் நடவாதென்று எண்ணற்க. கேட்பவரெல்லாம் பொய்யரும் அல்லர். அந்த ஒன்பது பவுன் மெய்யாகவே கொடுக்கப்பட்டதன்றோ? ஆகவே, கேட்டவுடன் கொடுப்பதும் பிழை. கேட்டவுடன் மறுப்பதும் பிழை. சான்று கேட்பதே முறை.

சான்றும் காலமும்

சான்று எது? வணிகர் பலர் தம் பேரேட்டிற் பற்று எழுதியிருந்தால் அதுவே போதும் என்று கருதுகின்றனர். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அதனை ஏற்கவில்லை. ஒழுங்காக எழுதிவரும் கணக்கு சாட்சியமாகும். ஆனால் அக்கணக்கு ஒன்றை மட்டுமே கொண்டு ஒருவர்மீது கடனைச் சுமத்த இயலாது. வேறு ஆதாரமும் வேண்டும். 2024 ஜூலை முதல் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியை அப்படியே காத்துள்ளது. ஆகையால், கடன் கொடுப்போர் நோட்டு, ரசீது, சாட்சி ஆகிய இவற்றைக் கொடுக்கும் நாளிலேயே தேடிவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலம். அர்த்தசாஸ்திரமே பத்தாண்டு கவனியாது விட்ட கடனைத் திரும்பப் பெறலாகாதென்று கூறி, சிறுவர், முதியோர், நோயாளர், இடுக்கணுற்றோர் முதலியவர்க்கு மட்டும் விலக்களித்தது. இப்போதுள்ள 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி சாதாரணக் கைக்கடனுக்கு மூன்றாண்டே தவணை. அக்கெடு ஒருமுறை ஓடத் தொடங்கியபின், கடன்பட்டவர் இறந்தார் என்பதற்காக நின்றுவிடாது. துக்க வீட்டிற் பேசலாகாதென்று தயங்கித் தயங்கிக் கெடுவைக் கடத்திவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். துக்கத்தை மதித்துச் சில வாரம் பொறுப்பது பண்பு. எழுத்து மூலம் ஓர் அறிவிப்பு அனுப்பிவைப்பது விவேகம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பிரதிவாதி இறந்துபோனால், 90 நாளைக்குள் அவருடைய வாரிசுகளை வழக்கிற் சேர்க்குமாறு வாதி கோர்ட்டில் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். போதிய காரணங் காட்டி மீண்டும் உயிர்ப்பிக்கக் கோர்ட்டின் தயவை நாடவேண்டி வரும்.

யாருக்கு முன், யாருக்குப் பின்?

ஆஸ்தி கடனுக்குப் போதுமானால் தொல்லையில்லை. போதாதபோதுதான் முறை வேண்டும். கௌடிலியர் பல கடன் கூடியவிடத்து முன்வாங்கியதை முன்னர்த் தீர்க்கவேண்டும் என்றும், அரசன் பொருளுக்கும் வேதம் வல்லார் பொருளுக்கும் முதலிடம் தரவேண்டும் என்றும் கூறினார். தற்காலச் சட்டம் வேறொரு முறையை வகுத்துள்ளது. இறந்தவர் ஆஸ்தியை நிர்வகிப்பது பற்றி 1865, 1870, 1881 ஆகிய ஆண்டுகளிற் பிறந்த சட்டங்களின் விதிகள் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. உயிலை நிறைவேற்றுபவரும், உயிலில்லாத ஆஸ்திக்குக் கோர்ட்டார் நியமிக்கும் நிர்வாகியும் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர்.

முதலாவது, இறந்தவரது நிலைமைக்கேற்ற ஈமச்செலவும், கடைசி நோயின் வைத்தியச் செலவும், இறப்பதற்கு முன் ஒரு மாதத்து ஊண் உறையுட் செலவும். இரண்டாவது, நிர்வாக உரிமை பெறுவதற்கும் ஆஸ்தியைப் பேணுவதற்கும் ஆன கோர்ட்டுச் செலவு. மூன்றாவது, இறப்பதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டுவேலையாள் ஆகியோரது சம்பளப் பாக்கி. பெருந்தொகை கொடுத்த செல்வர்க்கு முன்னே வீடு துடைத்தவளுக்கு இடந்தந்த இவ்விதியின் கருணை போற்றத்தக்கது. இவற்றின் பின்னரே ஏனைய கடன்கள். எல்லாக் கடனும் தீர்ந்த பின்னரே உயிலிற் கண்ட கொடைகள். அடமானம் பெற்றவர் தமக்கு ஈடான சொத்தைப் பற்றிநிற்கும் உரிமையை இவற்றால் இழப்பதில்லை.

ஏனைய கடன்காரருள் முன்னவர் பின்னவர் என்னும் பேதம் இல்லை. இருப்பதைத் தொகைக்குத் தக்க வீதப்படி பகிரவேண்டும். ஒருவர்க்கு 6,000 ரூபாயும், மற்றொருவர்க்கு 4,000 ரூபாயும், இன்னொருவர்க்கு 2,000 ரூபாயும் தரவேண்டியிருக்க, கையிலிருப்பது 6,000 ரூபாயே ஆயின், அவர்கள் முறையே 3,000, 2,000, 1,000 பெறுவர். நிர்வாகியே கடன் கொடுத்தவராக இருப்பினும் தமக்கென்று முன்னரே எடுத்துக்கொள்ளலாகாது. அவரும் வரிசையில் ஒருவரே. உறவினர் பேருக்கு முதலிற் கொடுத்துவிட்டு அயலாரை ஏமாற்றும் வழக்கம் இவ்விதியால் அடைபடுகின்றது.

நிர்வாகி ஆறு மாதத்துக்குள் ஆஸ்தி ஜாபிதாவையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் கோர்ட்டில் வைக்க வேண்டும். கடன்காரர் தம் கோரிக்கைகளை இன்ன தேதிக்குள் அனுப்புக என்று முறைப்படி விளம்பரஞ் செய்து, அத்தேதிக்குப்பின் தாம் அறிந்த கோரிக்கைகளைத் தீர்த்து ஆஸ்தியைப் பகிர்ந்துவிட்டால், அதுவரை தாம் அறியாதிருந்த கடனுக்கு அவர் பொறுப்பாகார். அவ்விளம்பரத்தைக் காணத் தவறிய கடன்காரரும் முற்றும் கைவிடப்படவில்லை. ஆஸ்தியைப் பெற்றவர் கைவரை அவர் அதனைத் தொடர்ந்து செல்லலாம்.

நிர்வாகி எவரும் இன்றி வாரிசுகளே ஆஸ்தியை எடுத்துக்கொள்ளும் வீடுகளே நம்மில் மிகுதி. அங்கே கடன்காரர் வாரிசுகள்மீது வழக்கிடலாம். 1908-ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டப்படி, இறந்தவர் ஆஸ்தியில் வாரிசின் கைக்கு வந்து, முறையாகச் செலவாகாது எஞ்சிய அளவுக்கே அவர்மீது டிக்ரி செல்லும். வாரிசின் சம்பளத்தையோ சொந்தச் சேமிப்பையோ தொடமுடியாது. ஆயினும், கைக்கு வந்த ஆஸ்தி என்னவாயிற்று என்று வாரிசு கோர்ட்டுக்குக் கணக்குக் காட்டத் தவறினால், அந்த அளவுக்கு அவருடைய சொந்தப் பொருளும் ஜப்திக்கு உள்ளாகும். உரிமையின்றி இறந்தவர் ஆஸ்தியிற் கைவைத்தவரும் இப்பொறுப்பினின்று தப்பமுடியாது. ஒளித்துவைத்தவனுக்கு அவ்வொளிப்பே கேடாக முடியும் என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

மேற்கூறியவாற்றால் நாம் கொள்ளத்தக்கவை சிலவே. பெரியவர் காலமானால், துக்கம் ஆறிய முதல் வாரத்திலேயே, நிலம், வீடு, நகை, பாங்கி இருப்பு, வரவேண்டிய பாக்கி ஆகிய அனைத்தையும், தெரிந்த கடன்களையும் இரண்டு பெரியவர் முன்னிலையில் ஒரு ஜாபிதாவாக எழுதிவையுங்கள். கடன்கேட்டு வருபவரை மரியாதையோடு அமர்த்தி, பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எதிலும் அன்றைக்கே கையொப்பமிடவேண்டா. வீட்டுப் பெண்மக்களையும் இடவிடவேண்டா. கடன் மெய்யெனத் தெளிந்தால், பங்கு பிரிப்பதற்கு முன்னே ஆஸ்தியிலிருந்து அதனைத் தீர்த்து, நோட்டைத் திரும்பப் பெற்றுக் கிழித்தெறியுங்கள். கடன் கொடுத்த அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: உமக்குரியதைப் பெறுவதற்குச் சட்டம் நேரான வழி காட்டியிருக்கின்றது, ஆஸ்தியைத் தொடருங்கள், அழுதுநிற்கும் அம்மையாரின் பெருவிரலைத் தொடராதீர்கள்.

ஆஸ்தி போதாதவிடத்தும், தந்தையின் பேர் விளங்கவேண்டுமென்று தன் உழைப்பிலிருந்து எஞ்சிய கடனையும் இறுக்கும் மைந்தர் இன்றும் இருக்கின்றனர். சட்டம் அவர்களைக் கேட்கவில்லை. எனினும் தடுக்கவும் இல்லை. அங்ஙனஞ் செய்பவர் தாம் செய்வதை அறிந்து, மனமுவந்து செய்வாராக. அச்சத்தாலும் அறியாமையாலும் செய்யவேண்டா. பொருட்கடன் ஆஸ்தியைச் சாரும். முறைமைக்கடன் மகனது நெஞ்சைச் சாரும். ஒன்றைக் கோர்ட்டார் அளப்பர். மற்றதை அவனே அளந்துகொள்ள வேண்டும்.